துயரத்துக்கு ஒரு தேதி

சமீர் கஸீரின் சிறு நூலுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அந்த நூலின் வாதத்தையே கவிழ்த்துவிடுகிறது. 2004-இல் பிரெஞ்சில் வந்தபோது அதன் தலைப்புக்கு ‘அரபுத் துயரம் குறித்த சிந்தனைகள்’ என்று பொருள். ரோமானியரின் ஏற்றமும் இறக்கமும் பற்றி மாந்தெஸ்கியூ 1734-இல் எழுதிய நூலின் எதிரொலி அதில் கேட்கிறது. 2006-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு அதை ‘அரபாக இருத்தல்’ என்று மாற்றிவிட்டது. துயரம் அரபாக இருப்பதில் இல்லை, அது பிற்பாடு வந்தது, அதற்கு வயது குறைவு என்று சொல்லத்தான் மனிதர் நூறு பக்க அளவுக்கு எழுதினார். அட்டையிலேயே அவரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

கஸீர் 1960-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். தந்தை பாலஸ்தீனர், தாய் சிரியர். பாரிஸில் தத்துவமும் வரலாறும் படித்து 1990-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிய பிறகு செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்தார். ‘அந்நஹார்’ நாளிதழில் பத்தி எழுதினார். பேராசிரியரும் பத்தி எழுத்தாளரும் ஓர் ஆளுக்குள் குடியிருந்தால் ஒருவர் மற்றவரைக் கெடுப்பதே வழக்கம். கஸீரிடம் அப்படி நேரவில்லை. ஆனால் அந்த இருவரும் ஒரே உண்மையைக் காணவில்லை என்பது என் கட்சி.

பேராசிரியரின் சாதனை, 1994-இல் வந்த லெபனான் போர் வரலாறு. 1975 முதல் 1982 வரையிலான போரைப் பேசும் அந்நூலின் துணைத்தலைப்பிலேயே வாதம் இருக்கிறது: தேசத்துக்குள் எழுந்த பிளவிலிருந்து பிராந்திய மோதலுக்கு. லெபனானியர் பலர் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன கதை வேறு. யாருடைய போரோ நம் மண்ணில் நடந்தது என்பார்கள். ‘அந்நஹார்’ அதிபர் கஸ்ஸான் துவைனி 1985-இல் எழுதிய நூலின் தலைப்பே ‘பிறருக்காக ஒரு போர்’. வெளியார் வந்தது உண்மைதான், கதவைத் திறந்துவிட்டது யார் என்பது கஸீரின் கேள்வி. உள்வீட்டுச் சண்டை, வெளிநாட்டுச் சதி என்ற இரண்டு சமாதானங்களையும் தள்ளிவிட்டு, முதலாவது எப்படி இரண்டாவதாக மாறியது என்று படிப்படியாகக் காட்டினார். அப்படி எழுதியவருக்குத் துவைனியின் பத்திரிகை பத்தியும் கொடுத்தது. அது அந்தப் பத்திரிகைக்குப் பெருமை.

சிறு நூலுக்கு வருவோம். அது வெளிவருமுன்பே பாக்தாத் 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படையிடம் விழுந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக அரபு அறிஞர்களே தயாரித்த அறிக்கை, 1999-இல் அரபு நாடுகள் அனைத்தின் மொத்த உற்பத்தியும் ஸ்பெயின் ஒன்றின் உற்பத்தியைவிடக் குறைவு என்று கணக்குக் காட்டியிருந்தது. நோய் நாகரிகத்திலேயே இருக்கிறது என்ற தொனியில் வரலாற்றாசிரியர் பெர்னார்ட் லூயிஸ் எழுதிக்கொண்டிருந்தார். கஸீர் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. இயலாமை என்ற உணர்விலிருந்து தொடங்கினார். பிறர் கண்ணில் தன்னைப் பார்த்துக் கூசும் மனத்தையும், அந்தக் கூச்சத்தை ‘நாங்கள் பலியானவர்கள்’ என்ற பெருமையாக மாற்றிக்கொள்ளும் மனத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஜிகாதிகளும், அவர்களை வைத்தே முழு அரபுலகையும் அளக்கும் மேலை நிபுணர்களும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள் என்பது நூலை முடிக்கையில் விளங்குகிறது. நடுவில் ஒரு நவீன காலம் இருந்ததை இரு தரப்பும் ஒப்புக்கொள்வதில்லை.

அந்தக் காலத்தின் பெயர் ‘நஹ்தா’, விழித்தெழுதல் எனலாம். 1826-இல் கெய்ரோவிலிருந்து பாரிஸ் போய்ப் பின்னர் திரும்பிய தஹ்தாவி, 1863-இல் பெய்ரூட்டில் மதப் பிரிவு பாராத பள்ளியைத் தொடங்கிய புத்ருஸ் அல் புஸ்தானி, 1923-இல் கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கிய ஹுதா ஷஅராவி என்று அதற்குச் சாட்சிகள் நிறைய. அச்சுக்கூடம், நாடகம், சினிமா என எல்லாமே அந்த விழிப்பில் சேரும். அப்பாசியக் கலீஃபாக்களோடு பொற்காலம் முடிந்தது, பிறகு ஒரே இருட்டு என்ற கதை இவர்கள் முன்னால் நிற்காது. துயரம் இயல்பென்றால் மருந்தில்லை. ஒரு தேதியில் வந்ததென்றால் போகவும் வழியுண்டு. இந்த அளவில் கஸீரின் வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன்.

அந்தத் தேதி எது என்பதில்தான் தகராறு. எகிப்தை ஆண்ட நாசரின் காலத்தையும் அவர் நஹ்தாவின் தொடர்ச்சியாகவே எண்ணுகிறார். துயரத்தை அதற்குப் பிந்தியதாக வைக்கிறார். எகிப்தின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1923 அரசியல் சட்டத்துக்குப் பின் வந்த நாடாளுமன்றங்களில் நிலக்கிழார்களின் கை ஓங்கியிருந்தது. எழுத்தறியாத பெருவாரி உழவர்களின் நிலப் பசியை அவை தீர்க்கவில்லை. 1952-இல் ஆட்சியைப் பிடித்த நாசர் முதலான ராணுவ அதிகாரிகள் சில வாரங்களுக்குள் 200 ஃபெத்தான் என்று நில உச்சவரம்பு விதித்தார்கள். ஒரு ஃபெத்தான் ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதே அதிகாரிகள் 1953 ஜனவரியில் கட்சிகளை எல்லாம் கலைத்தார்கள். நிலம் தந்த கையே வாயையும் பொத்தியது. நஹ்தா வரவேற்பறைகளைத் தாண்டி வயலுக்குப் போயிருந்தால் உழவர் அந்தப் பேரத்துக்கு இணங்கியிருப்பார்களா? கஸீர் இதைக் கேட்கவில்லை. பெய்ரூட் காதலர் ஒருவர் நகரத்து மாடத்திலிருந்து பார்த்த வரலாறு இது. இஸ்ரேலிடம் கண்ட 1967 தோல்விக்கு மறு ஆண்டே சிரியச் சிந்தனையாளர் சாதிக் அல் அஸ்ம் எழுதிய சுயவிமர்சன நூலின் கடுமை இங்கே இல்லை. அஸ்ம் தம் சமூகத்தின்மேல் கோபப்பட்டார். கஸீர் அதன் அண்மைக் கடந்தகாலத்தை நேசித்தார். நேசம் சில கணக்குகளைத் தள்ளுபடி செய்துவிடும்.

இன்னொரு விடுபடல் இதைவிடப் பெரிது. நாடுவாரியாக ஆட்சிகளின் சீர்கேட்டைச் சொல்லும் நூல், முகாபராத் என்னும் உளவு எந்திரம் ஒரு சமூகத்தை எப்படி இயலாமைக்குப் பழக்குகிறது என்று பிரித்துக் காட்டவில்லை. இது அவருக்குத் தெரியாததல்ல. லெபனானின் பொதுப் பாதுகாப்புத் துறைத் தலைவரை விமர்சித்ததற்குப் பிறகு, 2001-இல் விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போர்ட்டையே பிடுங்கிக்கொண்டார்கள். போகுமிடமெல்லாம் ஆள் வைத்துத் தொடர்ந்தார்கள். நூலில் இல்லாத அத்தியாயத்தைப் பத்தி எழுத்தாளர் வாராவாரம் ‘அந்நஹார்’ இதழில் எழுதிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒரு தொகுப்பின் தலைப்பு, சிரியாவின் ஜனநாயகத்தையும் லெபனானின் சுதந்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. லெபனானில் இருந்த சிரியப் படை போனால் போதும் என்று பலர் நினைத்த நாட்டில், டமாஸ்கஸில் ஆட்சி மாறாமல் பெய்ரூட்டுக்கு விடுதலை இல்லை என்றார்.

2005 பிப்ரவரி 14 அன்று லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டார். சிரியாவுக்கு எதிராக வீதிக்கு வந்த கூட்டத்தை மேலை ஊடகங்கள் ‘செடார் புரட்சி’ என்றன. கஸீர் ‘சுதந்திர இன்டிஃபாதா’ என்றே எழுதினார். பாலஸ்தீனத் தந்தையின் மகன், பாலஸ்தீனரோடு போரிட்ட கட்சிகளும் நின்ற மேடைக்குப் பாலஸ்தீன எழுச்சியின் சொல்லையே சூட்டினார். எனக்கு அதில் துணிச்சலும் தெரிகிறது, அதீத நம்பிக்கையும் தெரிகிறது. சிரியப் படை ஏப்ரல் 26 அன்று வெளியேறியது. மே கடைசியில் தொடங்கிய தேர்தல் 2000-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படியே நடந்தது. பழைய தலைவர்கள் ஷியா ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவோடும் கைகோத்துக்கொண்டார்கள். ஜூன் 2 காலையில் பெய்ரூட்டின் அஷ்ரஃபியேவில் காரில் வைத்த குண்டு கஸீரைக் கொன்றது. படை போய் 37 நாள்தான் ஆகியிருந்தது.

பிறகு நடந்தவை பத்தி எழுத்தாளருக்கே சாட்சி சொல்கின்றன. 2011-இல் சிரியர் எழுந்த பிறகு, சிரிய அதிபர் அசதைக் காக்க லெபனானிலிருந்து ஹிஸ்புல்லா எல்லை தாண்டிப் போனது. இரு நாடுகளின் விதியும் ஒரே முடிச்சு என்றவர் சொன்னது சரியாயிற்று. முடிச்சு இறுகிய விதம்தான் அவர் எண்ணியதற்கு நேர்மாறு. 2024 டிசம்பர் 8 அன்று அசத் ஆட்சி விழும்வரை சிரியா கொடுத்த விலையை எந்த ‘அரபு வசந்த’க் கணக்கிலும் எழுத முடியாது.

என் தீர்ப்பு இது: போர் வரலாறு நிலைக்கும். பத்திகள் அவர் எண்ணியதைவிடக் கூடுதலாக நிலைக்கும். சிறு நூல், கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பதிலைப் பாதியில் நிறுத்திய நூல். மீதிப் பாதி அந்தப் பத்திகளில் கிடக்கிறது. ஆங்கிலப் பதிப்பு கையில் கிடைத்தால் தயங்காமல் படியுங்கள். அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.