விடுதலை கொடுத்தது யார்?

மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குப் பிரெஞ்சுப் புரட்சி அறிமுகமானது என்.சி.இ.ஆர்.டி. 2006-இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலின் முதல் பாடத்தில். நல்ல பாடம் அது. நாங்கள் படித்த காலத்தில் பாஸ்தில் விழுந்தது, மன்னன் தலை உருண்டது, நெப்போலியன் வந்தான் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். இந்த நூல் ரொட்டி விலையைச் சொல்கிறது, பெண்கள் அமைத்த மன்றங்களைச் சொல்கிறது, கடல் கடந்த பிரெஞ்சுக் குடியேற்றங்களில் இருந்த அடிமைகளையும் மறக்கவில்லை. மறக்காததால்தான் அந்த அடிமைப் பகுதியை நின்று நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பகுதியின் சாரம் இதுதான். நான்த், பொர்தோ துறைமுக வணிகர்கள் ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கிக் கரீபியத் தோட்டங்களுக்கு விற்றார்கள். மனித உரிமை இவர்களுக்கும் உண்டா என்று தேசிய சபை நெடுநேரம் விவாதித்தது. வணிகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சட்டம் எதுவும் செய்யவில்லை. கடைசியில் 1794-இல் கன்வென்ஷன் சபை அடிமைகள் அனைவரையும் விடுவித்தது. பத்தாண்டு கழித்து நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார் என்றும் வருகிறது. அது 1802, எட்டே ஆண்டு. இந்தச் சின்னப் பிழையை விட்டுவிடலாம்.

விட முடியாதது வேறு. என் தங்கை மகளுக்கு இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "திடீர்னு எப்படி மாமா எல்லாரும் நல்லவங்க ஆயிட்டாங்க?" பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்த வாக்கியத்தில் சபைதான் எழுவாய், அடிமைகள் செயப்படுபொருள். அவர்கள் எதுவும் செய்ததாகவே தெரியவில்லை.

செய்தது சான் டொமிங்கோவில், இன்றைய ஹைட்டியில். உலகச் சந்தைக்குச் சர்க்கரையும் காப்பியும் கொட்டிக்கொடுத்த அந்தக் குடியேற்றத்தில் சுமார் 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர்கள் அவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கின. அடக்கப் போன படைகளால் அடக்க முடியவில்லை. 1793-இல் இங்கிலாந்தும் ஸ்பெயினும் பிரான்சோடு போரில் இறங்கியபோது, ஆணையர் சோந்தோனாக்ஸுக்குத் தீவைக் காப்பாற்ற வேறு வழியில்லை. கறுப்பர்களின் துணை வேண்டும். அதற்கு விலை விடுதலை. ஆகஸ்ட் 29 அன்று வடபகுதியில் அதை அறிவித்தார். அங்கிருந்து மூன்று பிரதிநிதிகள் பாரிஸ் போனார்கள். ஒருவர் பெல்லே, முன்பு தாமே அடிமையாக இருந்தவர். அவர்கள் சபையில் அமர்ந்த மறுநாள், 1794 பிப்ரவரி 4 அன்று, பாடநூல் சொல்லும் அந்தச் சட்டம் நிறைவேறியது. தீவில் நடந்து முடிந்ததற்குப் பாரிஸ் கையெழுத்துப் போட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அதே சட்டம் மற்ற இடங்களில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். மார்த்தினிக்கை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அங்கே சட்டம் போய்ச் சேரவே இல்லை. குவாதலூப்பில் ஒரு பிரெஞ்சு ஆணையர் படையோடு வந்து அமல்படுத்தினார். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இந்துமாக்கடல். 1796-இல் பாக்கோ, பூர்னெல் என்ற இரு ஆணையர்கள் சட்டத்தை எடுத்துக்கொண்டு மொரீஷியஸில் இறங்கினார்கள். தோட்ட முதலாளிகள் அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடிமை முறை அங்கே 1835 வரையும், பக்கத்து ரீயூனியனில் 1848 வரையும் நீடித்தது. அந்தத் தீவுகளின் அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு; ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியதற்கு வெகுகாலம் முன்பே. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் நம் கரையின் நீலத்துணியும் ஒன்று. "அடிமைகள் அனைவரையும்" என்ற பாடநூல் வரி இவர்கள் விஷயத்தில் வெறும் காகிதம்.

இந்தக் குறையை நிரப்பிக்கொள்ள ஒரு நூல் சொல்ல வேண்டுமென்றால் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய 'தி பிளாக் ஜாகொபின்ஸ்'. 1938-இல் லண்டனில் வெளிவந்தது. டிரினிடாட்காரரான ஜேம்ஸைக் கிரிக்கெட் ரசிகர்கள் 'பியாண்ட் எ பவுண்டரி' எழுதியவராக அறிந்திருப்பார்கள். அடிமைகளை எழுவாயாக வைத்து எழுதிய வரலாறு இது. பாரிஸில் கூட்டம் தெருவுக்கு வருவதையும் தீவில் தோட்டம் எரிவதையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை என்று நிறுவுகிறார்.

ஆனாலும் அவருக்கும் ஒரு நாயகன் தேவைப்பட்டிருக்கிறது. தூசான் லூவர்த்யூர் மேல் விழும் வெளிச்சத்தில் மற்றவர்கள் மங்கிப்போகிறார்கள். விடுதலை பெற்றவர்களைத் தூசான் 1800-இல் மறுபடி தோட்ட வேலைக்கே கட்டாயப்படுத்தினார். எதிர்த்துக் கிளம்பிய கலகத்துக்காகத் தம் சொந்த உறவான மோய்ஸையே 1801-இல் சுட்டுக் கொல்ல வைத்தார். ஜேம்ஸ் இதை மறைக்கவில்லை. தலைவர் தம் நோக்கத்தை மக்களுக்கு விளக்காமல் போனதே தவறு என்கிறார். எனக்கு இது போதவில்லை. மக்களுக்கு அது விளங்காமலா போயிற்று? அவர்கள் கேட்டது சொந்தமாக ஒரு துண்டு நிலம். கிடைத்தது பழைய தோட்டம், கூலியோடு. கரோலின் ஃபிக் 1990-இல் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் ஹைட்டி' இந்தக் கேள்வியைக் கீழிருந்து பார்க்கிறது.

தூசானை 1802-இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1803 ஏப்ரலில் பிரான்சின் ஜூரா மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். தலைவர் போனபின் தீவு அடங்கவில்லை. நவம்பரில் வெர்த்தியேரில் நெப்போலியனின் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி தனி நாடானது. ஜேம்ஸின் கடைசி அத்தியாயம் இந்தப் போரைப் பற்றியது. பெயர் தெரியாத அந்த மக்கள் அங்கேதான் முன்வரிசைக்கு வருகிறார்கள். முழு நூலுக்கும் நேரமில்லாத பெற்றோர் அந்த ஒரு அத்தியாயத்தையாவது பாடநூலின் அடிமைப் பகுதியோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.