சுழலும் பின்னணி
மிரர்லெஸ் கேமராவுக்குக் குறைந்த விலையில் போர்ட்ரெய்ட் லென்ஸ் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஹீலியோஸ் 44-2. சோவியத் ஜெனிட் கேமராக்களோடு வந்த 58 மி.மீ., எஃப்/2 லென்ஸ்; ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸை ஒட்டிச் செய்தது. ஓர் எம்42 அடாப்டர் இருந்தால் மாட்டிவிடலாம். சோனி, ஃபுஜியின் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஏறக்குறைய 87 மி.மீ. பார்வை கிடைக்கும், முகம் எடுக்க அருமையான அளவு.

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, இலையடர்ந்த மரத்துக்குச் சற்று முன்னால் ஆளை நிறுத்துங்கள். இலையிடுக்கு வெளிச்சமெல்லாம் வட்டம் கட்டிச் சுழலும். நடுவே இமைமுடி தெளிவாக நிற்கும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. வளையத்தை மெல்லத் திருப்பி, கருவிழியில் ஃபோகஸ் விழும் நொடிக்குக் காத்திருப்பது தனி சுகம்.

பெரும்பாலும் பழைய லென்ஸ்தான் கிடைக்கும். வாங்குமுன் டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.