அச்சம் சமைப்போரின் வாக்குமூலம்

பேய்க்கதை என்றவுடன் முகம் சுளிப்பது படித்தவர் வழக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறை நாளில் அத்தகைய நூலொன்றைக் கையிலெடுத்தால், 'பாடப் புத்தகத்தைப் படி' என்று அதட்டுகிறோம். ஆயின் அன்றிரவே குடியிருப்பில் மின்சாரம் நின்றுவிட்டால், ஊரில் பாட்டி சொன்ன புளியமரத்துப் பேயை நாமே வரவழைத்து, பிள்ளைகள் நம்மை ஒட்டி அமர்வது கண்டு மகிழ்கிறோம். இந்த முரண்பாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நம் முன்னோர் அச்சத்தை இழிவாக எண்ணினாரல்லர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை, உவகை ஆகியவற்றோடு அதற்கும் ஓர் இருக்கை அளித்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் என வகுத்தார். இறை என்பதனுள் அரசனை மட்டுமன்றித் தந்தையையும் ஆசிரியரையும் உரையாசிரியர் அடக்குவர். இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

மேலைநாட்டில் அச்சக் கலையில் வல்லார் சிலர் தம் தொழிலைப் பற்றித் தாமே எழுதியும் பேசியும் வைத்துள்ளனர். அவ்வாக்குமூலங்களை எவ்வளவு நம்பலாம்? கைத்திறனை அவர்கள் விரித்துரைக்கின்றனர். அத்திறன் எத்துயரிலிருந்து ஊறியது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றனர். சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துப் படிப்பதே திறனாய்வாளன் கடன் என்பது நம் துணிபு.

அணங்கும் இழப்பும்

1816-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரன் தம் நண்பர்களை ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு அழைத்தார். அக்குழுவில் இருந்த மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. அவர் படைத்த 'பிராங்கன்ஸ்டைன்' 1818-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1831-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் கதை பிறந்த வரலாற்றை அவர் கூறுகிறார். நாள்தோறும் காலையில் கதை கிடைத்ததா என்று பிறர் கேட்டதையும், இல்லை என்று கூசிச் சொன்னதையும், உயிரின் மூலம் பற்றிய உரையாடல்களைக் கேட்டிருந்ததையும், ஓரிரவு அச்சுறுத்தும் காட்சி ஒன்று மனக்கண்ணில் எழுந்ததையும் விவரிக்கிறார். தம்மை அஞ்ச வைத்தது பிறரையும் அஞ்ச வைக்கும் என்னும் தெளிவே அவருக்குக் கிடைத்த இலக்கணம்.

அம்முன்னுரை சொல்லாத செய்தி ஒன்றுண்டு. 1815-இல் மேரி ஈன்ற பெண் மகவு சில நாள்களிலேயே இறந்தது. அக்குழந்தை குளிரால் மட்டுமே விறைத்திருந்ததாகவும், தீயருகே வைத்துத் தேய்த்தபோது உயிர்பெற்றதாகவும் கனவு கண்டதை அவர் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். இறந்ததை உயிர்ப்பிக்கத் துடித்த இளந்தாயின் கனவையும், பிணக்கூறுகளால் உயிரொன்றைச் சமைத்த அறிவியலானின் கதையையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், முன்னுரை விட்டுவைத்த இடம் நிரம்புகிறது.

அமெரிக்கராகிய எட்கார் ஆலன் போ இதற்கு நேர்மாறான குரலில் பேசினார். 'அண்டங்காக்கை' என்னும் தம் கவிதையை 1845-இல் வெளியிட்ட அவர், மறு ஆண்டே அதனை எழுதிய முறையை விளக்கிக் கட்டுரை வரைந்தார். ஒரே அமர்வில் படிக்கத்தக்க நீளம், முடிவிலிருந்து முன்னோக்கிக் கட்டும் முறை, திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு சொல்லுக்கான உயிரொலி என அனைத்தையும் கணக்கிட்டே தேர்ந்ததாகச் சொல்கிறார். முதலில் கிளியை எண்ணிப் பின்னர் காக்கைக்கு மாறியதாகவும் கூறுகிறார். அழகிய பெண்ணின் மரணமே கவிதைக்குத் தலையாய பொருள் என்பதும் அவருடைய முடிபு. தணிக்கைக்கு உட்பட்ட கணக்கேடு போல அது அவ்வளவு துல்லியமாயிருக்கிறது. அத்துல்லியமே நமக்கு ஐயம் தருகிறது. அவருடைய மனைவி வர்ஜீனியா 1842 முதல் காசநோயால் இரத்தம் கக்கி வாடி, 1847-இல் மறைந்தார். கவிதையும் கட்டுரையும் அந்த ஐந்தாண்டுக்குள் எழுதப்பட்டவை. கட்டுரையில் வர்ஜீனியா பற்றி ஒரு சொல்லும் இல்லை. போவின் கணக்கைப் பொய்யென்று தள்ள நாம் துணியோம். துயரத்தைத் தாங்க அவர் நட்ட ஊன்றுகோலே அக்கணக்கு எனக் கொள்வோம்.

விலங்கும் வரவுசெலவும்

அடுத்தவர் ஹாலிவுட்டில் படம் தயாரித்த வால் லூட்டன். 1942-இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் இவரைத் திகில் படப் பிரிவுக்குத் தலைவராக்கியது. படச்செலவு 1,50,000 டாலரைத் தாண்டலாகாது. நீளம் 75 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். தலைப்பை மேலிடமே கொடுக்கும். கோப்பின் பொருளையும் முடிவையும் மேலிடம் குறித்தனுப்ப, நடுவிலுள்ள குறிப்பை மட்டும் எழுதிப் பழகிய நம்மனையோர்க்கு லூட்டன் நிலை எளிதில் விளங்கும். 'பூனை மாந்தர்' என்று பொருள்படும் தலைப்பு அவருக்கு முதலில் கிடைத்தது. ஷாக் தூர்னர் இயக்கினார். நீச்சற்குளக் காட்சியில் ஒருத்தி தனியே நீந்துகிறாள், சுவரில் நிழலாடுகிறது, உறுமல் எதிரொலிக்கிறது. அங்கே விலங்கு முழுவதுமாகக் காட்டப்படவில்லை. மற்றோரிடத்தில், இரவுச் சாலையில் பின்தொடரப்படுவதாக அஞ்சும் பெண்ணருகே சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. இருளைப் பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்வர் என்பதே லூட்டன் குழுவினரின் கொள்கை. பணமில்லாக் குறையை அவர்கள் இலக்கணமாக்கினர். லூட்டன் தாமே பூனைகளுக்கு அஞ்சியவர் என்பர். 1951-இல் தம் 46-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இறையும் தந்தையும்

1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ, ஆல்பிரட் ஹிட்ச்காக்குடன் ஒரு வாரம் உரையாடினார். அது 1966-இல் நூலாயிற்று. திடுக்கிடலுக்கும் பதைபதைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அதில் ஹிட்ச்காக் விளக்குகிறார். மேசைக்கடியில் குண்டிருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சியே மிஞ்சும். முன்னரே தெரிந்திருந்தால் மேசைமேல் நிகழும் வெற்றுப் பேச்சும் நிமிடக்கணக்கில் நெஞ்சைப் பிசையும். அவ்வுரையாடலில் மற்றொரு செய்தியும் உண்டு. சிறுவனாயிருந்தபோது தந்தை ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பியதாகவும், அதைப் படித்த காவலர் தம்மைச் சில நிமிடம் சிறையில் அடைத்ததாகவும் சொல்கிறார். பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. எனினும் 1960-இல் வந்த 'சைக்கோ'வில், 40,000 டாலர் திருடி ஓடும் பெண்ணை வழியில் நிறுத்திக் கருப்புக் கண்ணாடி வழியே நோக்கும் காவலரை நினைத்துப் பாருங்கள். கத்தி வருமுன்னரே அங்கு நம் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. தொல்காப்பியர் சொன்ன இறை அதுவன்றோ?

ஸ்டீபன் கிங் 1981-இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் அச்சத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். காணாமலே நடுங்கச் செய்வது உயர்ந்தது, கண்டு நடுங்கச் செய்வது அடுத்தது, அருவருப்பூட்டுவது கடைப்படி. முதலது கைகூடாவிடின் இரண்டாவதை நாடுவதாகவும், அதுவும் வாய்க்காவிடின் அருவருப்புக்கும் இறங்குவதாகவும் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். 1977-இல் அவர் எழுதிய 'தி ஷைனிங்' புதினத்தில், குடிப்பழக்கத்தோடு போராடும் தந்தை பனிசூழ்ந்த விடுதியில் மனைவிக்கும் மகனுக்கும் எமனாகிறான். அதனை எழுதுகையில் தம்மைப் பற்றியே எழுதுவதைத் தாம் உணரவில்லை என்று 2000-இல் வந்த நூலில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1980-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த திரைப்படம் அவருக்கு உவப்பாயில்லாமைக்கும் காரணம் இங்கேயே உள்ளது. நல்லவனாயிருந்த ஒருவன் மெல்லச் சரிவதே கிங்கின் கதை. படத்தின் நாயகனோ தொடக்கத்திலேயே பித்துப் பிடித்தவனாகத் தோன்றுகிறான் என்பது அவர் குறை. படத்தின் காட்சியழகில் நமக்கும் வியப்புண்டு. ஆயினும் இவ்வழக்கில் நம் தீர்ப்பு புதினத்தின் பக்கமே. தொடக்கத்திலேயே பித்தனாயிருப்பவனை நாம் எட்ட நின்று பார்த்துவிடலாம். அன்புள்ள தந்தை மாறுவதை அப்படிப் பார்க்க இயலாது.

மேரியும் போவும் மறைத்ததையும், ஹிட்ச்காக் வேடிக்கையாக்கியதையும் கிங் இருபதாண்டு கடந்தேனும் எழுத்தில் வைத்தார். இவ்வாக்குமூலங்களுள் நாம் மிகுதியும் நம்புவது அதனையே.

இக்கலை நம் பிள்ளைகளைக் கெடுக்குமோ என்று கேட்போர் உண்டு. அருவருப்பை மட்டும் விற்கும் படைப்புகளை விலக்குதல் நன்று. ஆனால் நல்ல படைப்பை அவர்கள் வாசிக்கட்டும். உடனிருந்து நாமும் வாசிப்போம். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் பாட்டன் இல்லை, மாமன் இல்லை. குழந்தைக்கு இறை என்று வீட்டிலிருப்பது தந்தை ஒருவரே. அலுவலகத்தில் பட்ட சொல்லையெல்லாம் சுமந்துகொண்டு மாலையில் அவர் கதவைத் தட்டும்போது, உள்ளிருக்கும் குழந்தை ஓடிவந்து திறக்கிறதா, புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறதா? கிங்கின் புதினத்தை மூடிவைத்த அன்று நம்மை உறங்கவிடாமல் செய்தது இக்கேள்வியே.