பூட்சுக்குள் ஒளிந்த கவிதை

உக்ரைனின் தேசியக் கவி தாராஸ் ஷெவ்சென்கோவை (1814–1861) ரசிக்க விரும்புகிறவர்கள் அவருடைய பிரம்மாண்டச் சிலைகளிலிருந்து தொடங்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1878-இல் அச்சான ஒரு குட்டிப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அவருடைய ‘கோப்சார்’ கவிதைத் தொகுப்புதான் அது.

முதலில் அளவைக் கவனியுங்கள்

அந்தப் புத்தகம் உள்ளங்கையில் அடங்கிவிடும். உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடவும், வெளிநாட்டில் அச்சான நூல்களைக் கொண்டுவரவும் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் 1876-இல் தடை போட்டார். கீவ் பல்கலைக்கழகத்தில் வேலை பறிபோன அறிஞர் மிகைலோ திரகோமானோவ் ஜெனீவாவுக்குப் போய் அச்சுப் பணியைத் தொடர்ந்தார். பாரதிக்குப் புதுச்சேரி, இவருக்கு ஜெனீவா. சட்டைப்பைக்குள் பதுங்கி எல்லை தாண்டுவதற்கே அந்தச் சிறிய உருவம்.

கவிஞரே காட்டிய வழி இது. 1847-இல் கைதான ஷெவ்சென்கோவைப் படைவீரராக நாடுகடத்தினார்கள். எழுதவும் வரையவும் கூடாது என்பது பேரரசர் முதலாம் நிக்கோலாஸின் உத்தரவு. அவரோ சின்னஞ்சிறு நோட்டுகளைத் தைத்து, அவற்றில் எழுதி, பூட்சுக்குள் மறைத்து வைத்தார். அந்தக் கால வரிகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். தாளே அரிதான இடத்தில் எழுதியவை அவை.

ஓவியத்தையும் கவிதையையும் சேர்த்துப் பாருங்கள்

ஓவியருமான ஷெவ்சென்கோ பிறப்பால் பண்ணையடிமை. ஓவியர் பிரியுல்லோவ் கவிஞர் ஜுக்கோவ்ஸ்கியை வரைந்த படத்தைக் குலுக்கலில் விட்டு, கிடைத்த 2,500 ரூபிளில் 1838-இல் ஷெவ்சென்கோவை மீட்டார்கள். ‘கத்தெரினா’ என்ற நெடுங்கவிதையை ஜுக்கோவ்ஸ்கிக்கே காணிக்கையாக்கினார் ஷெவ்சென்கோ. ரஷ்யச் சிப்பாய் ஒருவன் கைவிட்ட கிராமத்துப் பெண்ணின் கதை அது. 1842-இல் அதே பெண்ணை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். வெறுங்காலோடு, தலைகுனிந்து, கர்ப்பிணியாக நடக்கிறாள், பின்னால் குதிரையில் போகிறான் அவன், நாய் குரைக்கிறது. கவிதை அவளுக்காக அழுகிறது. ஓவியத்தில் அழுகை இல்லை, அவளுடைய நடைதான் பேசுகிறது.

சுயசித்திரங்களை வரிசையாக வையுங்கள்

1840-இன் கனவுக்கண் இளைஞனையும், 1860-இல் ஆட்டுத்தோல் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் மீசைக்காரரையும் அருகருகே வைத்தால், நடுவில் போன நாடுகடத்தல் ஆண்டுகள் முகத்தில் தெரியும்.

தேசியக் கவி என்ற பட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் குட்டிப் புத்தகத்திலிருந்து ‘கத்தெரினா’ ஓவியத்துக்குப் போங்கள். பிறகு கவிதைக்கு வாருங்கள்.