வரையாத ஹைட்ரஜனை எண்ணுவது

நுழைவுத்தேர்வு வினாத்தாளைப் பதற்றமில்லாமல், காப்பி டம்ளரோடு உட்கார்ந்து படிக்கிற வயது எனக்கு வந்துவிட்டது. கரிம வேதியியல் பகுதியில் என் கண் முதலில் தேடுவது ஒரு கேள்வியைத்தான்: இதற்கு எத்தனை ஹைப்பர்கான்ஜுகேஷன் வடிவங்கள்?

சங்கதி சின்னது. இரட்டைப் பிணைப்புக்கோ நேர்மின்சுமை சுமக்கும் கார்பனுக்கோ பக்கத்து வீட்டுக் கார்பன்தான் ஆல்ஃபா. அதன் சி–எச் பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கின்றன. தாளில் வரைந்தால் ஹைட்ரஜன் பிணைப்பறுந்து தனியே நிற்கும் (உண்மையில் அது எங்கும் ஓடிப்போவதில்லை). ஆல்ஃபா ஹைட்ரஜன் ஒன்றுக்கு ஒரு வடிவம். எத்தில் கேட்டயானுக்கு 3, ஐசோபுரோப்பைலுக்கு 6, டெர்ஷரி பியூட்டைலுக்கு 9. 1935-இல் வேதியியலாளர்கள் பேக்கரும் நேதனும் கண்ட ஒரு முரணிலிருந்து கிளம்பிய யோசனை இது. பெயர் வைத்தவர் மல்லிகன்.

வினா அமைப்பவரின் கைத்திறன் தெரிவது கோட்டுப் படத்தில். அதில் ஹைட்ரஜனை யாரும் வரைவதில்லை. வரையாததைத்தான் எண்ண வேண்டும். 1-மெத்தில்சைக்ளோஹெக்சீனைக் கொடுத்துப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் மெத்திலைப் பார்த்து 3 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரட்டைப் பிணைப்பின் இரு முனைக்கும் பக்கத்தில், வளையத்துக்குள்ளேயே ஆளுக்கு இரண்டு ஹைட்ரஜன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விடை 7. நல்ல விடுகதை போல, பதில் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது.

டொலுயீன் இன்னொரு ருசி. மெத்திலில் மூன்றே ஹைட்ரஜன். ஆனால் ஒவ்வொன்றும் விட்டுக்கொடுக்கும் எதிர்மின்சுமை இரண்டு ஆர்த்தோ இடங்களிலும் ஒரு பாராவிலும் போய் அமரலாம். ஆக 9. மெட்டாவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அடுத்து வருகிற நைட்ரோ குழு எங்கே போய் ஒட்டும் என்பதும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

எரிச்சலூட்டுவது ‘கூட்டல் ஒன்று’ தகராறு. மூல வடிவத்தையும் சேர்க்கவா, வேண்டாமா? புரோப்பீனுக்கு 3-ஆ, 4-ஆ? பயிற்சி நோட்டுகளில் சூத்திரமாக மனப்பாடம் ஆகிவிட்ட சங்கடம் இது. 2011 ஐஐடி நுழைவுத்தேர்வில் ஒரு கார்போகேட்டயானைக் கொடுத்தவர்கள், ஹைப்பர்கான்ஜுகேஷனைக் காட்டும் வடிவங்கள் எத்தனை என்று கேட்டு (அப்போது மூல வடிவம் தானாக வெளியே), சி–எச் பிணைப்புகள் வழியாக என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வேலியும் போட்டிருந்தார்கள். சி–சி பிணைப்பும் சாயக்கூடியது என்று அறிந்தவர் போட்ட வேலி. எனக்கு அந்தக் கேள்வியைவிட அடைப்புக்குறிதான் பிடிக்கும்.

எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிஸ், டிரான்ஸ் 2-பியூட்டீன் இரண்டுக்கும் 6 ஆல்ஃபா ஹைட்ரஜன்தான். நிலைத்தன்மையைக் காட்டும் ஹைட்ரஜனேற்ற வெப்பமோ மோலுக்கு ஏறத்தாழ 120, 116 கிலோஜூல்.

என் கையில் வினாத்தாள் கொடுத்தால் நார்போர்னீனைத்தான் வைப்பேன். பாலம் போட்ட வளையம். இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் பாலத்தலைக் கார்பன், தலைக்கு ஒரு ஹைட்ரஜன். சூத்திரக்காரர் 2 என்பார். புரோப்பீனின் மெத்தில் சுழலும். மூன்று ஹைட்ரஜனுக்கும் பை ஆர்பிட்டாலுக்கு இணையாக நிற்க முறை வரும். இங்கே கூடு இறுகியது. பாலத்தலையில் இரட்டைப் பிணைப்பு வைத்து வரைந்தால், இப்படிப்பட்ட சின்னக் கூட்டில் அது கூடாது என்கிற பிரெட் விதி குறுக்கே நிற்கும். விடை 0. இரண்டு ஹைட்ரஜனும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, திரும்பத்தான் இடமில்லை.