தேடினேன், இல்லை என்று வந்தது

போன மாதம் எழுதி முடித்த ஒரு கட்டுரையைக் கடைசி நேரத்தில் நிறுத்தினேன். காரணம், அதில் இருந்த ஒரு வரி: ‘இந்த ஆசிரியர் ரயில் என்ற சொல்லை ஓரிடத்தில்கூடப் பயன்படுத்தவில்லை.’ விஷயம் ஒரு பழைய பயண நூல். ஸ்கேன் செய்து, ஓசிஆர் எனப்படும் எழுத்துணரியில் ஓட்டி யாரோ எடுத்துவைத்த கோப்பு என்னிடம் இருந்தது. தேடல் பெட்டியில் ‘ரயில்’ என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அதை நம்பி, ஆசிரியரின் மொழிக்கொள்கை பற்றி இரண்டு பத்தி வேற எழுதித் தள்ளிவிட்டேன். பிறகு ஏதோ உறுத்தி, ஸ்கேன் பக்கங்களைப் புரட்டினால் முதல் அத்தியாயத்திலேயே மனுஷன் ரெயிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

‘ரெயில்’ என்பது அந்தக் காலத்தில் வெகு சாதாரணமான எழுத்துக்கூட்டல். எனக்குத் தெரியாததல்ல, தேடும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். சரி என்று ‘ரெயில்’ போட்டுத் தேடினால் அதுவும் பாதிதான் கொடுத்தது. ரெயில்வே கிடைக்கும்; ரெயிலில், ரெயிலை, ரெயிலுக்கு கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் ‘ல்’லின் புள்ளி போய்விடுகிறதே! ‘ரெயி’ வரை அடித்துத் தேட வேண்டும். வார்த்தையின் பின்பாதியை வைத்துத் தேடலாமே என்று ‘யில்’ போட்டுப் பார்த்துவிடாதீர்கள். கையில், வழியில், மலையில் என்று நூல் முழுக்க மஞ்சள் பூசிவிடும்.

பழைய தமிழ் நூல்களைத் தேட எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் நீளமாக ஒரு பட்டியல் சொல்வேன். இப்போது ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கிறேன். தேடிக் கிடைத்த வரிக்குப் பக்கத்திலேயே அச்சுப் பக்கத்தின் படம் இருக்கிறதா?

இந்த வகையில் தமிழ் விக்கிமூலத்துக்கு ஈடு கிடையாது. ஓரத்தில் உள்ள பக்க எண்ணைச் சொடுக்கினால் ஒரு பக்கம் ஸ்கேன், மறுபக்கம் எழுத்து. அந்தப் பக்கத்தை யாராவது மெய்ப்புப் பார்த்தார்களா என்பதையும் நிறத்தாலேயே சொல்லிவிடுகிறது. சிவப்பு என்றால் யாரும் சரிபார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்திருக்கிறார், பச்சை என்றால் இன்னொருவரும் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்பகத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நூலகம் தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. சொல்லின் முன்பகுதியை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் உருபு ஏறிய வடிவங்களும் சேர்ந்து வரும். ஒரே குறை, சிவப்பாகவே கிடக்கும் பக்கங்கள் ஏராளம். அது கருவியின் குறை அல்ல. நம்மில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மதுரைத் திட்டம் வேறு ரகம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த களஞ்சியம். தட்டியவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று கோப்பின் தலையிலேயே போட்டிருப்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். கோப்பை அப்படியே இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் பெரிய வசதி. ஆனால் படம் இல்லை. செய்யுள் நூல்களில் இன்னொரு பொறியும் உண்டு. சீர் பிரித்து அச்சிட்ட பாட்டில் வகையுளி வந்தால் சொல் நடுவில் வெட்டுப்பட்டு, ஒரு துண்டு இந்தச் சீரிலும் மறு துண்டு அடுத்த சீரிலும் நிற்கும். தேடுபொறிக்கு அது இரண்டு சொல். ‘இந்தச் சொல் இந்நூலில் இல்லை’ என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

இணைய ஆவணக் காப்பகத்தில், அதாவது ஆர்க்கைவ் தளத்தில், நூலுக்குள் தேடினால் கிடைத்த இடம் படத்திலேயே ஒளிரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அடியில் இருக்கும் எழுத்து முழுக்க இயந்திரம் படித்தது. பழைய ஏற்றங்கள் சிலவற்றில் தமிழுக்கு எழுத்துணரியே ஓட்டப்பட்டிருக்காது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனைத் தேடலுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஒரு சொல்லுக்கு வேறு என்னென்ன வடிவங்கள் உண்டு என்று அது காட்டும்.

இயந்திரம் எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா, னா எல்லாம் இன்று நாம் எழுதும் வடிவில் இருக்காது. அதைவிட மோசம் ரகரம். ர், ரி இரண்டுக்கும் பல அச்சுகளில் கீழ்க்கால் கிடையாது. பார்வைக்குத் துணைக்கால் மாதிரியே இருக்கும். இயந்திரம் துணைக்கால் என்றே படித்து மேலே புள்ளி வைத்துவிடும். ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது.

இதற்கு நோட்பேட்++ போன்ற ஓர் இலவச எழுத்துத் திருத்தி போதும். துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வரும் இடங்களை எல்லாம் ஒரே வீச்சில் ‘ர்’ ஆக மாற்றிவிடுங்கள். துணைக்காலும் இகரக் குறியும் சேர்ந்து வந்தால் ‘ரி’. தமிழில் அப்படி ஒரு சேர்க்கை முறைப்படி வரவே வராது என்பதால் தைரியமாகச் செய்யலாம். மூலக் கோப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கால் தேய்ந்து அச்சான ‘ர’, துணைக்காலாகப் படிக்கப்பட்டிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அதற்குக் கண்தான்.

என் பயண நூல் கோப்பிலும் இதைச் செய்தேன். மொழிக்கொள்கைப் பத்திகள் இரண்டையும் எடுத்துவிட்டேன். கட்டுரை இளைத்துப்போய் நிற்கிறது. ‘புகைவண்டி’யைத் தேடிப் பார்க்கவே இல்லை என்பது நேற்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது.