துப்பறியும் நாவலும் பெண் எழுத்தாளரும் - வை. மு. கோதைநாயகியை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ்த் துப்பறியும் நாவலை ஆராய்வோர் ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் விரித்துரைப்பர், வை. மு. கோதைநாயகி அம்மாளைப் (1901-1960) பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுவர். அவரது முதல் நாவலான ‘வைதேகி’ துப்பறியும் கதையே. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றிய இவ்வம்மையார், தொடக்கத்தில் எழுதப் பழகாதவர். அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதே 1924இல் வெளிவந்த ‘இந்திர மோகனா’ நாடகம். வடுவூராரின் ஊக்கமும் கணவர் பார்த்தசாரதியின் துணையும் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை அவர் பொறுப்பிற் சேர்த்தன.

இலண்டனில் 1930இல் தோன்றிய துப்பறியும் எழுத்தாளர் கழகத்தில் அகதா கிறிஸ்ரியும் டொரதி சேயர்சும் ஆண் எழுத்தாளரோடு ஒப்ப அமர்ந்தனர். கோதைநாயகிக்கோ தோழியும் இல்லமும் இதழுமே கழகமாயின. அவரது வலிமையும் அதுவே, குறைபாடும் அதுவே. ஒருவரைச் சார்ந்து நின்ற அவ்வமைப்பு அவர் காலத்தோடு முடிந்தமையால், இத்துறையிற் பெண் எழுத்து மரபொன்று வேரூன்றவில்லை எனலாம்.

இஃது ஈழத்தவரும் சிந்திக்கற்பாலது. மட்டக்களப்பு எழுவான்கரையிலுள்ள களுதாவளை போன்ற ஊர்களில் வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்வது வழக்கம். சொத்தையும் உரிமையையும் பற்றியெழும் வழக்குகளின் உள்ளும் புறமும் அறிந்தவர் அங்குப் பெண்களே. ஆதலின் குற்றக் கதைக்குப் பொருட்பஞ்சமில்லை. வேண்டப்படுவன, கேட்டெழுதும் ஒரு பட்டம்மாளும் அச்சேற்றும் ஓர் இதழுமேயாம். துப்பறியும் கதை இலக்கியமாகுமா என வினவும் திறனாய்வு, அதனை எழுதும் பெண்ணுக்குத் துணை நின்றோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.